டொங்கிள் போதுமா, மேசை அம்ப் வேண்டுமா? வன்னி வீட்டுக்கு ஒரு ஒப்பீடு

ஹெட்போனுக்கு டாக் வாங்கு, அம்ப் வாங்கு என்று சொல்பவர்களின் வீடு வேறு, எங்கள் வீடு வேறு. அவர்களுடைய அறையில் ஏசி ஓடுகிறது, சுவர் பிளக்கில் எர்த் ஒழுங்காக இருக்கிறது, சாமான் பிடிக்காவிட்டால் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இலங்கையின் வடக்கே வன்னியில், விசுவமடுவிலோ நெடுங்கேணியிலோ தகரக் கூரைக்குக் கீழே, ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, வானம் இருண்டாலே கறண்ட் போகும் வீட்டில் இருந்துகொண்டு அதே சாமானை வாங்கும்போது கணக்கு மாறுகிறது. சீனாவிலிருந்து வந்த ஒரு டொங்கிளைத் திருப்பி அனுப்பும் தபால் செலவுக்கு இன்னொரு டொங்கிளே வாங்கிவிடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோருக்குப் போனில் செருகும் சின்ன டொங்கிளே போதும். மிச்சக் காசை ஹெட்போனில் போடுங்கள். மேசை அம்ப் உண்மையிலேயே தேவைப்படும் ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் அது யார் என்பதை ஹெட்போன் பெட்டியில் அச்சடித்திருக்கும் இரண்டு எண்களும் வீட்டுக் கறண்டும் முடிவு செய்யட்டும்.

டாக் என்பது போனிலோ லப்டொப்பிலோ உள்ள எண்களை மின் அலையாக மாற்றும் பகுதி. அம்ப் அந்த அலைக்கு ஹெட்போனை ஓட்டும் பலத்தைக் கொடுக்கிறது. விலை குறைந்த கருவிகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், டொங்கிள் என்பதும் இரண்டையும் அடக்கிய சின்ன வயர்த் துண்டுதான். புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், அதற்குள் டாக்கும் அம்பும் ஏற்கெனவே இருக்கின்றன. வெளியே எதை வாங்கி வைத்தாலும் அதன் ஒலி மாறாது.

சரி, கணக்குக்கு வருவோம். ஹெட்போன் பெட்டியில் ஓம் கணக்கில் மின்தடை இருக்கும். பக்கத்தில் 1 மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று உணர்திறன் இருக்கும். பாட்டின் மிக உரத்த நொடிகளில் 110 டெசிபெல் எட்டினால் அது எந்த மனிதருக்கும் போதும், பலருக்கு அதிகம். மின்சக்தி பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும், இரண்டு மடங்கானால் 3 டெசிபெல். இவ்வளவு தெரிந்தால் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஓடியோ டெக்னிக்கா எம்20எக்ஸை எடுங்கள். 47 ஓம், 96 டெசிபெல். அப்பிளின் சின்ன டொங்கிள் தருவது ஏறக்குறைய 1 வோல்ட். அது 47 ஓமில் 21 மில்லிவாட், அதாவது 109 டெசிபெல் வரை போகும். இதற்கு அம்ப் தேடுவது வீண். பேயர்டைனமிக் டிடி 990 புரோவின் 250 ஓம் வகையும் அதே 96 டெசிபெல்தான், ஆனால் 1 வோல்ட் அங்கே 4 மில்லிவாட்டைத்தான் தரும். 102 டெசிபெல்லோடு நின்றுவிடும். குறைந்த ஒலியில் பதிவான கர்நாடகக் கச்சேரியோ வீணையோ கேட்டால் ஒலியைக் கடைசி வரை கூட்டியும் ஏதோ போதாது போலத் தோன்றும். 2.5 வோல்ட் தரும் டொங்கிளில் அதே ஹெட்போன் 110 டெசிபெல்லைத் தொட்டுவிடும். சென்ஹைசர் எச்டி 650 பார்க்கப் பயமுறுத்தும் 300 ஓம், ஆனால் 1 வோல்ட்டிலேயே 103 டெசிபெல் தருகிறது. இரண்டு வோல்ட் கிடைத்தால் பிரச்சினை இல்லை.

ஓம் கூடினால்தான் அம்ப் வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு, அது பாதிதான் சரி. ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ வெறும் 25 ஓம். ஆனால் உணர்திறன் 91 டெசிபெல், ஆகவே அதற்கு வோல்ட்டோடு கறண்டும் நிறையத் தேவை. 110 டெசிபெல் வேண்டுமென்றால் 80 மில்லிவாட் அளவு கொடுக்க வேண்டும். குறைந்த விலையில் இதைப் போன்ற பிளேனர் (தட்டைச் சவ்வு) ஹெட்போன் வாங்குபவர்கள் இதைக் கவனிக்காமல், போனில் செருகிவிட்டு ஒலி செத்துப்போய் இருக்கிறது என்கிறார்கள். மறுபக்கம், காதுக்குள் செருகும் வயர் இயர்போன்களில் அநேகமானவை 1 வோல்ட்டில் காதைக் கிழிக்கும். பெரிய அம்பில் போட்டால் பாட்டுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கேட்கும்.

இனிக் கருவிகள். அப்பிளின் சி-வகை டொங்கிள் 2018-இல் வந்தது, அமெரிக்க விலை 9 டொலர். கருவி வைத்து அளந்தவர்களின் கணக்கில் அதன் இரைச்சலும் திரிபும் சேர்ந்து பாட்டுக்குக் கீழே சுமார் 99 டெசிபெல்லில் கிடக்கின்றன. ஒரு சிடியின் முழு வீச்சே 96 டெசிபெல்தான். ஃபேன் ஓடும் அறையில் இருந்துகொண்டு இதற்கு மேல் துல்லியம் கேட்பதில் அர்த்தமில்லை. அதே அளவீட்டில் 115 டெசிபெல் காட்டும் மேசைக் கருவிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஃபேன் காற்றிலேயே போய்விடும்.

ஆனால் இதை வாங்குமுன் தெரிய வேண்டிய சங்கதிகள் உண்டு. ஐரோப்பாவுக்கென்று விற்கும் வகை பாதி வோல்ட்தான் தரும், அங்குள்ள ஒலிக்கட்டுப்பாட்டு விதி அப்படி. பாரிஸிலிருந்து வரும் உறவினர் வாங்கி வந்தால் அந்த வகைதான் கையில் கிடைக்கும். இரண்டாவது, பல அண்ட்ரொயிட் போன்களில் செருகினால் ஒலியை நூறு வீதம் வைத்தும் மெல்லிசாகவே பாடும், டொங்கிளுக்குள் இருக்கும் ஒலி அளவை போன் சரியாகக் கையாளாததுதான் காரணம். யூஎஸ்பி-யை நேரடியாக இயக்கும் பாட்டுச் செயலி போட்டால் சரியாகும், ஆனால் யூடியூப்புக்கு அது உதவாது. லப்டொப்பிலும், ஐபோன் 15-இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே லப்டொப்பில் கேட்பவருக்கு அப்பிள் டொங்கிள், அண்ட்ரொயிட் போனில் கேட்பவருக்கு வேறு ஏதாவது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த 'வேறு ஏதாவது' என் கணக்கில் ஃபியோ கேஏ11. முப்பது டொலர் அளவில் விற்கிறார்கள். 32 ஓமில் 200 மில்லிவாட் தரும் என்பது நிறுவனத்தின் கணக்கு, அதாவது மேலே சொன்ன 2.5 வோல்ட். டிடி 990 ஓடும், எச்டி 650 ஓடும், எச்இ400எஸ்இ-யும் தாராளமாக ஓடும். சுட்டுவிரல் நீளமே இருக்கும் ஒரு வயர்த் துண்டு இதைச் செய்கிறது என்பது பத்து வருடத்துக்கு முன்னால் நம்பக் கடினமான சங்கதி. குறையும் இருக்கிறது. அப்பிளுடையதை விடப் போன் பற்றரியை இது கெதியாகக் குடிக்கும், உரத்து ஓடும்போது கையில் சூடு தெரியும். மூன்ட்ரொப் டோன் புரோ கொஞ்சம் கூடிய விலை. 4.4 மில்லிமீற்றர் துளையில் 4 வோல்ட் வரை தரும், ஆனால் அந்தத் துளைக்குத் தனி வயர் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மனம் வரவில்லை.

டொங்கிள் வகை எதுவானாலும் பொதுவான இரண்டு எரிச்சல்கள். போனில் ஒரே துளைதான், ஆகவே பாட்டுக் கேட்டுக்கொண்டே சார்ஜ் போட முடியாது. ஒப்போ, ரியல்மி போன்களில் ஓடிஜி என்றொரு அமைப்பைத் திறந்தால்தான் டொங்கிள் வேலை செய்யும், பத்து நிமிடம் ஒன்றும் செருகாமல் விட்டால் அதுவாகவே மூடிக்கொள்ளும். டொங்கிள் செத்துவிட்டது என்று எறிய முன் அதைப் பாருங்கள். நான் சொல்லும் வழி, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்றைப் பாட்டுக்கென்றே ஒதுக்குவது. மெமரி கார்ட் போடும் போனாக இருந்தால் இன்னும் நல்லது. தரம் குறையாமல் சுருக்கிய, சிடி தரத்து ஃபிளாக் கோப்பு ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 30 எம்பி பிடிக்கும், 128 ஜிபி கார்டில் ஆயிரக்கணக்கில் கொள்ளும். ஒட்டுசுட்டானைத் தாண்டி உள்ளே போனால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் இடங்களில் இதுதான் கைகொடுக்கும்.

மேசை அம்புகளில் குறைந்த விலைக்குப் பெயர் எடுத்தவை ஃபியோ கே11, அதைவிடப் பெரிய கே7. கே11 சுமார் 130 டொலர், 4.4 துளையில் 32 ஓமுக்கு 1400 மில்லிவாட். கே7 சுமார் 200 டொலர், 2000 மில்லிவாட். இரண்டிலும் டிவியிலிருந்து வரும், கறண்டுக்குப் பதில் ஒளியால் ஒலியை அனுப்பும் ஒப்டிக்கல் வயரைச் செருகலாம், அது ஒரு நல்ல வசதி. பெரிய குமிழைத் திருகி ஒலி கூட்டும் சுகமும் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1400 மில்லிவாட் உங்கள் காதுக்குத் தேவையா? மேலே போட்ட கணக்கில் மிகக் கடினமான எச்இ400எஸ்இ-யே 80 மில்லிவாட்டில் திருப்தியானது. அதுவும் உரத்த நொடிகளுக்கான கணக்கு; சராசரி ஒலிக்கு உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்று காதுக்கு எல்லை வைத்திருக்கிறது.

மேசை அம்பில் நான் தயங்குவதற்குப் பெரிய காரணம் கறண்ட்தான். பரந்தனில் சொந்தக்காரப் பொடியன் ஒருவனுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மாமா நல்ல ஹெட்போன் அம்ப் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். இரும்புக் கட்டி போலக் கனத்த கறுப்பு அடப்டர், இரண்டு தட்டைப் பின். கடையில் வாங்கிய மாற்றுப் பிளக்கைப் பூட்டிக்கொண்டு வந்து, "அண்ணை, இப்ப செருகலாம்தானே?" என்றான். அடப்டரைத் திருப்பிப் பார்த்தால் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மாற்றுப் பிளக் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. செருகியிருந்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்போர்மர் சூடேறிக் கருகியிருக்கும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் அம்பும் சேர்ந்து போயிருக்கும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்போர்மர் ஒன்றை வாங்கிப் போட்டபின் இப்போது பாடுகிறது, அது வைக்கத்தான் மேசையில் இடமில்லை.

ஜேடிஎஸ் லாப்ஸின் அட்டம் போன்ற அமெரிக்க அம்புகள் பலவற்றில் இந்த வகை அடப்டர்தான் வரும். ஓடர் பண்ணும்போதே 230 வோல்ட் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். லண்டனிலிருந்து வருவது அப்படியே பொருந்தும். ஃபியோ மாதிரி 12 வோல்ட் டிசி தரும் சுவிட்சிங் அடப்டர் என்றால் 100-240 என்று போட்டிருக்கும், எங்கும் செருகலாம். வீட்டுச் சோலாரில் 12 வோல்ட் பற்றரி இருக்கிறதே, அதிலிருந்து நேரடியாகக் கொடுத்தால் என்ன என்று யோசிக்கத் தோன்றும். வேண்டாம். வெயில் ஏறி பற்றரி சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டைத் தாண்டிவிடும். நடுவில் 12 வோல்ட்டுக்குக் கட்டுப்படுத்தும் சின்னச் சுற்று ஒன்றைப் போட்டால் சரி.

அப்புறம், அம்பில் கொழுவிய ஸ்பீக்கரில் கேட்கும் 'ம்ம்ம்' சத்தம். லப்டொப் சார்ஜில் இருக்கும்போது அதன் இரும்பு உடம்பைத் தடவினால் விரலில் 'சுர்' என்று ஓடும், பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். இரண்டு பின் சார்ஜரில், அல்லது எர்த் வயர் பெயருக்கு மட்டும் இருக்கும் பிளக்கில், சார்ஜருக்குள் உள்ள வடிகட்டி வழியாகக் கசியும் கறண்ட் அது. அதே கசிவு யூஎஸ்பி வயர் வழியாக அம்புக்குள்ளும், அங்கிருந்து ஸ்பீக்கருக்கும் போய் இரைகிறது. பரிசோதனை சுலபம்: சார்ஜரைக் கழற்றுங்கள், சத்தம் நின்றால் அம்பில் குற்றமில்லை. எர்த்தைச் சரிசெய்வது முதல் மருந்து. அது வாடகை வீட்டில் நடக்காத காரியம் என்றால் ஒப்டிக்கல் வயர், அதுவும் இல்லையென்றால் பற்றரியில் ஓடும் போன். பற்றரியில் ஓடும் போனில் செருகிய டொங்கிளுக்கு இந்த நோயே வராது. மலிவு யூபிஎஸ், இன்வேர்ட்டர்களிலும் கவனம், அவற்றின் அலை சதுரமாக இருப்பதால் டிரான்ஸ்போர்மர் அடப்டர்கள் முனகும்.

மின்னலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? சித்திரையிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி இரணைமடுப் பக்கம் இருந்து உருண்டு வரும்போது, சுவரில் பூட்டி வைத்த அம்ப், அதில் கொழுவிய லப்டொப், டிவி எல்லாம் ஒரே சங்கிலி. மேசை அம்ப் வாங்குபவர் இடி கேட்டதும் எழும்பிப்போய் பிளக்கைக் கழற்றும் ஆளாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பற்றரி உள்ள கருவிகளும் போட்டிக்கு வருகின்றன. கியூடெலிக்ஸ் 5கே சட்டைப்பைக்குள் அடங்கும், 500 மில்லி அம்பியர்-மணி பற்றரி உண்டு, புளூடூத்திலும் யூஎஸ்பியிலும் ஓடும், போன் செயலி வழியாக ஒலியின் ஏற்ற இறக்கங்களைப் பட்டை பட்டையாகத் திருத்தலாம். சுமார் 110 டொலர். கே11-ஐயும் இதையும் முன்னால் வைத்து ஒன்றை எடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். 2011-இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் ஓ2 என்ற அம்பின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று வெளியிட்டார். அடுத்த வருடமே ஆள் மௌனமாகிவிட்டார், யாரென்று இன்றுவரை வெளியே தெரியாது. அந்த ஓ2 இரண்டு 9 வோல்ட் பற்றரியில் ஓடும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ கறண்டில் ரேடியோச் செய்தி கேட்ட தொண்ணூறுகளை வன்னியில் மறந்தவர் குறைவு. போர்க்காலத் தடையால் ஒரு டோர்ச் பற்றரிகூட உள்ளே வராத காலம் அது. 2022 மார்ச் கடைசியில் நாடே 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்தபோது கொழும்புக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்து இங்கே பலர் சிரித்ததற்கும் அதுதான் காரணம்.

என்ன கேட்கிறீர்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். கசெட்டிலிருந்து மாற்றிய கோவலன் கூத்துப் பதிவு, வற்றாப்பளைப் பொங்கலில் போனில் பிடித்த நாதஸ்வரம் தவில், 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் கிடக்கும் பழைய சினிமாப் பாட்டு, இவைதான் உங்கள் சேகரிப்பு என்றால் எந்த டாக்கும் அதைத் திருத்தாது. டேப்பின் இரைச்சல் டேப்பில் இருக்கிறது. நல்ல ஹெட்போன் மாற்றினால் தவிலின் வலந்தலை அடியும் தொப்பி அடியும் பிரிந்து கேட்கும், அந்த வித்தியாசம் உடனே தெரியும். டாக் மாற்றினால் எனக்குத் தெரிந்ததில்லை.

ஹெட்போன் தேர்வில் எங்கள் வெக்கைக்கு ஒரு வார்த்தை. மூடிய வகை காதைச் சுற்றி வேர்க்கும், செயற்கைத் தோல் மெத்தை வேர்வையில் உரிந்து கன்னத்தில் கறுப்பாக ஒட்டும். பின்பக்கம் திறந்த வகை, துணி அல்லது வெல்வெட் மெத்தையோடு, காற்றோட்டமாக இருக்கும். ஃபேன் சத்தம் உள்ளே வருவதுதான் அதற்கான விலை. மாரி மழை தகரத்தில் கொட்டும்போது இரண்டு வகையும் தோற்றுவிடும், அந்த நேரம் காதுக்குள் செருகும் இயர்போனை எடுங்கள்.

விலையைப் போட்டுப் பார்ப்போம். டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கும்போது கேஏ11 ஒன்பதாயிரம், கே11 நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு மேல் தபால் செலவும், இறக்குமதி வரிகளும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் வற் வரியும் வரலாம். கையில் ஐம்பதாயிரம் இருக்கிறது என்று வைத்தால், நாற்பதை ஹெட்போனுக்கும் பத்தை டொங்கிளுக்கும் ஒதுக்கியவர், நாற்பதை அம்புக்கும் பத்தை ஹெட்போனுக்கும் ஒதுக்கியவரைவிட நல்ல பாட்டுக் கேட்பார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேசை அம்ப் எடுக்க வேண்டியவர் யாரென்றால், டிவியையும் லப்டொப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே பெட்டியில் கொழுவ நினைப்பவர், வீட்டு எர்த் நல்லது என்று வயர்மனை வைத்துப் பார்த்துக்கொண்டவர், அல்லது டொங்கிளை முழுக்கக் கூட்டியும் ஒலி போதாத ஹெட்போன் ஏற்கெனவே வைத்திருப்பவர்.

வவுனியாவிலோ, கொழும்பு போனால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ கையில் பார்த்து வாங்குவதாக இருந்தால் ஒரு சங்கதி. முந்நூறு, நானூறு ரூபாவுக்குக் கிடைக்கும் சி-வகை மாற்றுவயர்கள் பலவற்றுக்குள் டாக்கே கிடையாது, வெறும் கம்பிதான். சில போன்கள் மட்டும் அதில் பாடும், மற்றவற்றில் ஊமை. அப்பிள் டொங்கிளின் போலிகளும் அதே பெட்டியில் வருகின்றன. கடையில் நிற்கும்போதே அவர்களுடைய லப்டொப்பில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். ஒலி அமைப்பில் புதிதாக ஒரு கருவியின் பெயர் வந்தால் உள்ளே டாக் இருக்கிறது. வராவிட்டால் காசைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.